ஆயாவோட கதைய எழுதி வைக்கறது எப்படி: எங்க வீட்ல நாங்க பண்ணது

எங்க ஆயா, அதாவது அம்மாவோட அம்மா, செத்துப் போன அன்னைக்கு ராத்திரி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கறவரு போன் பண்ணி தோற்றம் தேதி சொல்லுங்கன்னு கேட்டாரு, எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. ஆதார்ல 1956னு வெறும் வருஷம் மட்டும் இருந்துச்சு. அந்த கணக்குப்படி பாத்தா பெரியம்மா பொறக்கும்போது ஆயாக்கு பதிமூணு வயசு, அது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வேற வழியில்லாம அதையே போட்டு சென்னைல எங்க ஏரியா பட்டாளம் ஃபுல்லா ஒட்டிட்டாங்க. நாலு புள்ளைங்களையும் ஒம்போது பேரப் புள்ளைங்களையும் தூக்கி வளத்த மனுஷிக்கு ஒரு வருஷம் கூட நாம சரியா சொல்லலையேன்னு எனக்கு ரொம்ப நாள் தூக்கமே இல்ல. வருஷ தெவசத்துக்குள்ள எழுதி முடிச்சிடணும்னு உக்காந்தேன். அதுல கத்துக்கிட்டத சொல்றேன், உங்க வீட்ல அம்மாவோ ஆயாவோ இப்ப உயிரோட இருந்தா இன்னும் நல்லது, இன்னைக்கே ஆரம்பிங்க.

மொதல்ல, யார்கிட்டயும் வருஷத்த கேக்காதீங்க. நம்ம பெரியவங்களுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது, ஆனா ஊர்ல நடந்தது நல்லா ஞாபகம் இருக்கும். அண்ணா செத்தப்போ, எம்ஜிஆர் செத்தப்போ, மில்லு மூடுனப்போ, சுனாமி வந்தப்போ, 2015 வெள்ளத்துல, இப்படி கேட்டுப் பாருங்க, கடகடன்னு வரும். கொருக்குப்பேட்டைல இருக்கற சின்ன ஆயாகிட்ட அப்படித்தான் கேட்டேன். "அண்ணா செத்தப்போ அக்கா ஏழு மாசம், கூட்டத்துல நானும் வரேன்னு அழுதுச்சு, உங்க தாத்தா வெளிய பூட்டு போட்டுட்டு போய்ட்டாரு, அப்ப அதுக்கு பத்தொம்போது வயசு"ன்னு சொல்லிச்சு. அண்ணா போனது 1969 பிப்ரவரி 3. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரில பெரியம்மா பொறந்தது அந்த ஏப்ரல். அப்போ ஆயா பொறந்தது 1949, இல்ல 50 ஆரம்பம். ஒரு பூட்ட வச்சு பொறந்த வருஷத்த கண்டுபுடிச்சோம்.

அடுத்தது, "அன்பானவர், பாசமானவர், தியாகி" இந்த மாதிரி வார்த்தை எதையும் எழுதாதீங்க. அது பொய்யுன்னு சொல்லல, ஆனா அது எல்லா போஸ்டர்லயும் இருக்கு. அவங்க கை என்ன வேல செஞ்சுதுன்னு எழுதுங்க. 1996ல தாத்தா வேல பாத்த பி அண்டு சி துணி மில்ல மூடுனதும் தாத்தா வீட்ல குந்திட்டாரு. ஆயா ஒரு வாரத்துல வாசல்ல இட்லி அடுப்பு போட்டுச்சு. விடிகாலைல மூணு மணிக்கு எழுந்து அடிபம்புல தண்ணி அடிக்கும், அந்த சத்தம் தான் எங்க எல்லாருக்கும் அலாரம். எழுதப் படிக்க தெரியாது, அதனால கடன் கணக்க கதவுக்கு உள்பக்கம் கரில கோடு போட்டு வைக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் கதவுல ஒரு பலகை, ரெண்டு இட்லிக்கு ஒரு கோடு. காசு வந்ததும் ஈரத் துணியால ஒரே இழுப்பு.

அந்த கதவு இப்ப இல்ல. அதாவது கதவு இருக்கு, பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நல்லாருக்கணும்னு மாமா பெயிண்ட் அடிச்சிட்டாரு, அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அதனால சொல்றேன், வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி, டிரங்கு பெட்டிய ஒழிக்கறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுங்க. சுவரு, அலமாரி, மாடம், அவங்க தலகாணிக்கு அடில இருந்தது, எல்லாம். விட்டுட்டீங்கன்னா பழைய பர்த்டே போட்டோவ எடுத்து மூஞ்சிய பாக்காம பின்னாடி பாருங்க. என் தம்பி மொத பொறந்தநாள் கேக்கு வெட்டற போட்டோல பின்னாடி அந்த கதவு பாதி தெறந்து கெடக்கு, பெருசு பண்ணி பாத்தா கோடு தெரியுது. எண்ணிப் பாத்தேன், இருபத்தி மூணு.

போட்டோ பெருசு பண்ண குடுக்கும்போது மூஞ்சில கை வைக்காதீங்கன்னு ஸ்டுடியோல கண்டிப்பா சொல்லிடுங்க. நாங்க சொல்லல. கலர வெளுப்பாக்கி, சுருக்கத்த எடுத்து, அதோட மூக்குத்தியையும் சேத்து எடுத்துட்டாங்க. அம்மா அந்த படத்த பாத்து "இது யாருடா"ன்னு கேட்டாங்க. திரும்ப போட்டு வாங்கினோம்.

வாய்ஸ் ரொம்ப முக்கியம். வாட்ஸப்ல அவங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போன் தொலஞ்சா பேக்கப் இல்லன்னா போச்சு, ஸ்டார் போட்டு வச்சா சேவ் ஆனதா அர்த்தம் இல்ல. ஒவ்வொண்ணா ஷேர் பண்ணி டிரைவ்ல போடுங்க, இன்னொருத்தர் போன்லயும் ஒரு காப்பி இருக்கட்டும். என்கிட்ட மிஞ்சுனது பதினாலு செகண்ட். "இன்னாடி, துன்னியா இல்லியா, ரெண்டு வாட்டி போன் போட்டேன், எடுக்க மாட்டேன்ற." அவ்ளோதான். உயிரோட இருக்கறவங்கள ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேன ஆஃப் பண்ணிடுங்க, எதிர்ல உக்காந்து பேட்டி எடுக்காதீங்க, கூட சேந்து முருங்கக்கீர ஆஞ்சிட்டே கேளுங்க. "வாழ்க்க எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "இன்னா, கஷ்டம் தான்"னு முடிச்சிடுவாங்க. "கல்யாணம் ஆகி வந்தப்போ தண்ணி எங்க புடிச்சீங்க, பக்கத்து வீட்ல யாரு இருந்தா"ன்னு கேளுங்க. அழுதாங்கன்னா நிறுத்திடுங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

சமையல எழுதும்போது "தேவையான அளவு" வேணாம். ஞாயித்துக்கெழம புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (ஆடு அறுக்கற எடம்) பக்கம் போய் வாங்கிட்டு வந்து வைக்கற குடல் கொழம்பும், இட்லிக்கு வைக்கற வடகறியும் ஆயா எந்த டம்ளர்ல அளந்துச்சோ அந்த டம்ளர எடுத்து அரிசி போட்டு எடை பாத்தோம், 200 கிராம். அதுக்கப்புறம் அம்மா ஞாபகத்துல இருந்த எல்லா அளவும் சரியா வந்துச்சு.

ஒரே விஷயத்துக்கு ரெண்டு கதை வரும், வந்தா ரெண்டையும் எழுதுங்க. மில்லு மூடுனதும் சோத்துக்கு தான் தாலிய அடகு வச்சுதுன்னு அம்மா சொல்றாங்க, மாமாவ ஐடிஐல சேக்கறதுக்குன்னு பெரியம்மா சொல்றாங்க, இதுல ஒரு நாள் பெரிய சண்டையே ஆயிடுச்சு. அப்பால டிரங்கு பெட்டில சேட்டு கட ரசீது கெடைச்சுது, ரெண்டு ரசீது, ஒண்ணு 96 டிசம்பர், ஒண்ணு 97 ஜூலை. ரெண்டு வாட்டி வச்சிருக்கு. ரெண்டாவது வாட்டி வச்சது மாமாக்கே தெரியாது. ரசீத கையில வச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாரு.

மொத்தம் பன்னெண்டு பக்கம் வந்துச்சு. டைப் பண்ணி முப்பது காப்பி ஜெராக்ஸ், ஸ்பைரல் போட்டு குடுத்தோம். கடைசில நாலு பக்கம் வெறும் பேப்பரா விடுங்க, இத மறக்காதீங்க. தெவசத்தன்னைக்கு படையல் போட்டு காக்காக்கு வச்சிட்டு, கூட்டத்துல அந்த கதவு பத்தின பக்கத்த மட்டும் சத்தமா படிச்சேன். எதிர் வீட்டு அக்கா கைய தூக்கி நிறுத்து நிறுத்துன்னாங்க. "ரெண்டு இட்லிக்கு ஒரு கோடுன்னு எழுதிக்கிறியே, எங்க வூட்டுக்கு நாலு இட்லி குடுத்துட்டு தான் ஒரு கோடு போடும், அவரு படுத்த படுக்கையா இருந்தாரு இல்ல, அப்போ." பேனா எடுத்து அவங்க கையிலயே குடுத்தேன், கடைசி பக்கத்துல அவங்களே எழுதுனாங்க.