வாய் கோணினால் கடிகாரத்தைப் பாருங்கள்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா? சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்கினால் பக்கவாதமாக இருக்கலாம். இதில் ஒன்று தெரிந்தாலே போதும், 108-ஐ அழையுங்கள். 'வாயுப்பிடிப்புதான், படுத்தால் சரியாகும்' என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார், காதில் வாங்காதீர்கள்.

அப்புறம், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு.

சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரினும் வேண்டாம், மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.