ஸ்கைலைன் ஜிடி-ஆரை ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்து பதிவு செய்வது எப்படி?

ஜப்பானில் ஏலத்தில் எடுத்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரை அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கி, உங்கள் பெயரில் டைட்டில் (உரிமைச் சான்று) வாங்கி, நம்பர் பிளேட் மாட்டும் வரை செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்க்கலாம். டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் என எந்த ஜப்பான் வண்டிக்கும் நடைமுறை இதேதான்.

வண்டியைத் தேடும் முன் காகிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் போனால் மாற்றலாம். தேதிக்கு ஆதாரம் இல்லாத வண்டி துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் முதலில் படி 7-ஐப் படித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு இந்த ஆசை தொடர்கிறதா என்று முடிவு செய்யலாம்.

படி 1: 25 ஆண்டுக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத காரை உள்ளே விடக்கூடாது என்பது பொது விதி. 1988-ல் வந்த சட்டத்தின்படி, தயாராகி 25 ஆண்டு நிறைந்த வண்டிக்கு இதில் விலக்கு உண்டு. இதைப் பார்த்துக்கொள்வது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக நிட்சா.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணக்கு மாடல் ஆண்டை வைத்து நடப்பதில்லை. தயாரிப்புத் தேதியை வைத்து, மாதம் வரை பார்க்கப்படுகிறது. 2001 ஜூனில் தயாரான ஆர்34 (ஆர்32, ஆர்33, ஆர்34 என்பவை ஸ்கைலைனின் அடுத்தடுத்த தலைமுறைகள்), 2026 ஜூனில்தான் தகுதி பெறும். 2026 ஜனவரியில் "2001 மாடல்தானே" என்று கப்பல் ஏற்றினால் சிக்கல்தான்.

ஆர்32 ஜிடி-ஆர் 1989 ஆகஸ்ட்டில் வந்தது. ஆகவே 2014-லிருந்து தகுதி பெற ஆரம்பித்து, இன்று எல்லாமே தாராளமாக வரலாம். 1995 ஜனவரியில் வந்த ஆர்33-ம் அப்படியே. ஆர்34 ஜிடி-ஆர் 1999 ஜனவரி முதல் 2002 ஆகஸ்ட் வரை தயாரானது. அதனால் கடைசியாக வந்த நூர் பதிப்பு வண்டிகளுக்கு 2027 வரை பொறுத்திருக்க வேண்டும். விலை ஏறுவதற்குள் வாங்கி, ஜப்பானிலேயே கிடங்கில் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. அது சரியான வழிதான். வாடகையைக் கணக்கில் சேருங்கள்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ, தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே 21 ஆண்டு போதும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: வண்டி அசல் அமைப்பில் இருக்க வேண்டும். சாதாரண ஸ்கைலைனில் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினை மாட்டிய வண்டிகள் ஜப்பானில் நிறைய. 25 ஆண்டு தாண்டியிருந்தாலும் அவை இந்த விலக்குக்குள் தானாக வராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எஞ்சின் மாற்றிய வண்டியை எடுக்காதீர்கள்.

கனடாவில் 15 ஆண்டு போதும் என்பதால், அங்கே பதிவான வண்டியை எல்லை வழியே ஓட்டி வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு அது செல்லாது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் 25 தான்.

மிக அரிய வண்டிகளுக்கு மட்டும் "ஷோ ஆர் டிஸ்ப்ளே" என்ற தனி அனுமதி 1999 முதல் இருக்கிறது. அதிலும் ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. தொடங்குபவர்களுக்கு அந்த வழி வேண்டாம்.

படி 2: தேதிக்கு ஆதாரம் சேருங்கள்

ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க விஐஎன் (வாகன அடையாள எண்) கிடையாது. சேசிஸ் நம்பர் மட்டும்தான்: ஆர்32-க்கு பிஎன்ஆர்32, ஆர்33-க்கு பிசிஎன்ஆர்33, ஆர்34-க்கு பிஎன்ஆர்34 என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம். இந்த எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றிலும் புது பெயின்ட், வெல்டிங் தடம், எழுத்துகளின் இடைவெளியில் கோணல் எது தெரிந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விஐஎன் மாற்றி வந்த ஒரு லேண்ட் ரோவர் டிஃபெண்டரை 2013-ல் அமெரிக்கக் கஸ்டம்ஸ் இயந்திரத்தில் போட்டு நசுக்கியே விட்டது.

அடுத்தது எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். ஜப்பானில் பதிவை ரத்து செய்து, ஏற்றுமதிக்கென்று கொடுக்கும் தாள் இது. அதில் "முதல் பதிவு" என்ற கட்டத்தைத் தேடுங்கள். ஜப்பானிய மொழித் தாளில் ஆண்டு, பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் என்றால் 1988-ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 13 என்பது 2001. ஷோவா என்றால் 1925-ஐக் கூட்டுங்கள்: ஷோவா 63 என்பது 1988. தாள் வழங்கிய தேதி மட்டும் ரெய்வா என்று இருக்கும். அதற்கு 2018-ஐக் கூட்ட வேண்டும்.

முதல் பதிவுத் தேதி என்பது தயாரிப்புத் தேதி இல்லை. ஆனால் எந்த வண்டியும் தயாராவதற்கு முன் பதிவாகாது. ஆகவே முதல் பதிவிலிருந்து 25 ஆண்டு கடந்திருந்தால் கேள்வியே எழாது. இரண்டு மூன்று மாதம் முன்னதாகக் கொண்டுவர நினைத்தால்தான் தயாரிப்பு மாதத்துக்குத் தனி ஆதாரம் வேண்டும். உற்பத்தியாளரின் பதிவேட்டிலிருந்து எடுத்த தாள் கையில் இருந்தால் நல்லது. சீட் பெல்ட் லேபிளில் உள்ள தேதி துணை ஆதாரம் மட்டுமே, பெல்ட்டை மாற்றியிருக்கலாம்.

இந்த சர்டிபிகேட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். வண்டியை ஜப்பானில் நிறுத்திவைத்துக் காத்திருப்பவர்கள் இதை அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. முதலில் தற்காலிகப் பதிவு ரத்து மட்டும் செய்துவிட்டு, கப்பல் நெருங்கும்போது ஏற்றுமதித் தாளை எடுக்கலாம்.

படி 3: ஏலத் தாளைப் படியுங்கள்

பெரும்பாலான வண்டிகள் யுஎஸ்எஸ் போன்ற ஏல நிறுவனங்கள் வழியேதான் கை மாறுகின்றன. ஏஜென்ட் இல்லாமல் நீங்கள் நேரடியாக ஏலம் கேட்க முடியாது. ஏலத் தாளில் மேல் மூலையில் இருக்கும் மதிப்பெண்ணில் 4, 4.5 நல்லவை; 3.5 பரவாயில்லை, ஆர் அல்லது ஆர்ஏ என்றால் விபத்துக்குப் பின் பழுது பார்த்தது. உள்புறத்துக்கு ஏ, பி, சி, டி எனத் தனித் தரம். வண்டிப் படத்தின் மேல் ஏ என்றால் கீறல், யு என்றால் சப்பை, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த இடம், எஸ் என்றால் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் பாகமே மாற்றப்பட்டது.

மதிப்பெண்ணைவிட அடிப்பகுதிப் படம் முக்கியம். ஸ்கைலைனில் துரு பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: ஸ்ட்ரட் டவரின் (சஸ்பென்ஷன் பொருந்தும் கூட்டின்) மேல்பகுதி, பக்கவாட்டு சில் (கதவுக்குக் கீழுள்ள சட்டம்), ஜாக்கி வைக்கும் இடம், பின்சக்கர வளைவு. பனிக்கு உப்பு தூவும் வட ஜப்பானில் ஓடிய வண்டியென்றால் இன்னும் கூடுதலாகப் பாருங்கள். ஜப்பானில் ஆளை அனுப்பி இந்த இடங்களைப் படம் எடுக்க ஆகும் செலவு, பின்னால் வெல்டிங்குக்கு ஆகும் செலவில் சிறு துளி.

ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருக்கும் ஜிடி-ஆரை வாங்குகிறீர்களா? டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள். மாநிலம் கொடுத்த டைட்டில் இருப்பதால் மட்டும் வண்டி சட்டப்படி உள்ளே வந்ததாக ஆகிவிடாது. கஸ்டம்ஸ் 7501 (இறக்குமதிப் பதிவு), எச்எஸ்-7 (நிட்சாவுக்கான அறிவிப்பு), இபிஏ 3520-1 (இபிஏ-வுக்கான அறிவிப்பு) ஆகிய மூன்று படிவங்களின் நகலும் சேசிஸ் நம்பரோடு பொருந்துகிறதா பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 4: வரிக் கணக்கு

பயணிகள் காருக்கு அடிப்படை டியூட்டி (இறக்குமதி வரி) 2.5 சதவீதம். அமெரிக்காவில் இதைக் கப்பல் கூலி சேர்க்காத விலையில் கணக்கிடுவார்கள். வண்டி விலை 30,000 டாலர் என்றால்:

டியூட்டி 2.5 சதவீதம்: 750 டாலர்
கஸ்டம்ஸ் செயலாக்கக் கட்டணம் 0.3464 சதவீதம்: 103.92 டாலர்
துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதம்: 37.50 டாலர்

2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்கள் மீது கூடுதல் வரி வந்தபோது, 25 ஆண்டு கடந்தவற்றுக்கு விலக்கு வைத்தார்கள். அந்த விலக்குக்குத் தனி வரி எண் உண்டு. உங்களுக்காகத் தாள்களைத் தாக்கல் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கர் அதைப் போடாமல் சாதாரணக் காராகத் தாக்கல் செய்தால், ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்ட நேரிடும். கூடுதல் வரி விதிகள் அடிக்கடி மாறுவதால், வண்டி ஏற்றும் முன்பே எந்த எண்ணில் தாக்கல் செய்யப்போகிறார் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

விலையைக் குறைத்துக் காட்டும் இன்வாய்ஸ் தரட்டுமா என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். சில நூறு டாலர் மிச்சத்துக்காக வண்டியையே இழக்கலாம்.

படி 5: கப்பல்

ரோரோ கப்பலில் வண்டியை ஓட்டியே ஏற்றுவார்கள். மலிவு, ஆனால் உள்ளே உதிரி பாகம் எதையும் வைக்க முடியாது. கன்டெய்னரில் செலவு கூடும். பலர் தொடாத இடத்தில் வண்டி இருக்கும். ஆர்34 அளவு விலை உள்ள வண்டிக்குக் கன்டெய்னரும் கடல் இன்சூரன்ஸும்தான் சரி.

ஏற்றும் முன் அடிப்பகுதியை நீராவியால் கழுவச் சொல்லுங்கள். அந்நிய மண் ஒட்டியிருந்தால் வேளாண் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். கழுவும் செலவும் உங்கள் தலையில் விழும்.

கன்டெய்னரில் அனுப்பினால் ஐஎஸ்எஃப் என்ற முன்தகவல், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே கஸ்டம்ஸுக்குப் போயிருக்க வேண்டும். தவறினால் அபராதம் 5,000 டாலர் வரை. ஜப்பான் ஏஜென்ட் அனுப்புவார் என்று நீங்களும், நீங்கள் அனுப்புவீர்கள் என்று அவரும் சும்மா இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. புக்கிங் கிடைத்த அன்றே உங்கள் புரோக்கரிடம் விவரம் கொடுத்துவிடுங்கள்.

படி 6: கஸ்டம்ஸ்

முதல் இறக்குமதி என்றால் லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு பவர் ஆஃப் அட்டர்னி, இறக்குமதியாளர் அடையாளத்துக்கான 5106 படிவம், ஒருமுறைக்கான பாண்ட் (வரி கட்டுவதற்கான உத்தரவாதப் பத்திரம்) தேவை. பிறகு அவரிடம் போக வேண்டியவை: இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), எக்ஸ்போர்ட் சர்டிபிகேட், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு.

எச்எஸ்-7 படிவத்தில் முதல் கட்டம், அதாவது 25 ஆண்டு கடந்த வண்டி என்பதைக் குறிக்க வேண்டும். இபிஏ 3520-1 படிவத்தில் 21 ஆண்டு கடந்த வண்டிக்கான குறியீடு ஈ. கையெழுத்துப் போடும் முன், எல்லாத் தாளிலும் சேசிஸ் நம்பரை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பில் ஆஃப் லேடிங்கில் ஒரு இலக்கம் புரண்டிருந்தால்கூட, திருத்தம் வரும் வரை துறைமுக வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

கஸ்டம்ஸ் விரும்பினால் எக்ஸ்ரே சோதனையோ, கன்டெய்னரைப் பிரித்துச் சோதனையோ செய்யும். கட்டணம் இறக்குமதியாளருடையது. அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

படி 7: மாநிலப் பதிவு

மத்திய அரசின் விலக்கு, மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா இதற்குக் கடுமையான உதாரணம். 1975-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்கு அங்கே 25 ஆண்டு விலக்கு கிடையாது. மாநிலம் அங்கீகரித்த ஆய்வகத்தில் மாற்றம் செய்து, புகைச் சோதனையில் தேறி, சான்று வாங்கினால்தான் பதிவு. செலவு எளிதில் 10,000 டாலரைத் தாண்டும். மொன்டானாவில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் பதிவு செய்யும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். வேறு மாநிலத்தில் குடியிருந்து வண்டியையும் அங்கேயே ஓட்டினால் அது வரி ஏய்ப்பு வழக்கில் கொண்டுபோய் விடும்.

மற்ற மாநிலங்களில் டிஎம்வி (வாகனப் பதிவு) அலுவலகத்துக்கு 7501, எச்எஸ்-7, எக்ஸ்போர்ட் சர்டிபிகேட், மொழிபெயர்ப்பு, விற்பனை ரசீது எல்லாவற்றின் அசலும் நகலும் கொண்டுபோங்கள். 17 இலக்கம் இல்லாத எண்ணைக் கணினி ஏற்காது என்று முதல் கவுன்டரில் திருப்பி அனுப்பலாம். 1981-க்கு முந்தைய அமெரிக்க வண்டிகளுக்கும் 17 இலக்கம் இல்லை. அவற்றைப் பதியும் வழி அலுவலகத்தில் இருக்கிறது. பொறுமையாக மேலதிகாரியைக் கேளுங்கள். விஐஎன் நேரடிச் சோதனையும் சில மாநிலங்களில் உண்டு. ஹோண்டா பீட், சுசுகி கப்புசினோ போன்ற கேய் வகை (ஜப்பானின் மிகச் சிறிய கார் வகை) வண்டிகளைப் பதிய மறுக்கும் மாநிலங்களும் இருப்பதால், அவற்றை வாங்கும் முன்பே டிஎம்வி-யில் விசாரியுங்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையைக் கேளுங்கள். சாதாரண பாலிசியில் இந்த வண்டியைப் பழைய நிசானாக மதிப்பிட்டுவிடுவார்கள்.

சாலையில் இறக்கும் முன்

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும். 3214 என்றால் 2014-ன் 32-வது வாரம். எவ்வளவு பள்ளம் மிச்சமிருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால், வாட்டர் பம்ப்போடு சேர்த்து இப்போதே மாற்றுங்கள். ஆர்பி26-க்கு அதன் கெடு 1,00,000 கிலோமீட்டர். முன்விளக்கையும் பாருங்கள். ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுவதால் ஒளி இடப்பக்கம் மேலேறும்படி அமைந்திருக்கும். அமெரிக்காவில் அது எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கடைசியாகப் பெட்ரோல். ஜப்பானின் உயர்ரக பெட்ரோல் 98 முதல் 100 ரான் (ஆக்டேன் எண்ணின் ஓர் அளவுகோல்). அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு அளவுகோல்: அங்குள்ள 93, ஏறக்குறைய 98 ரான், 91 என்றால் 95, 96 தான். ஜப்பான் ட்யூனிங்கில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றிய வண்டியில் 91-ஐ ஊற்றி மிதித்தால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும். ஜப்பானில் ஏற்றிய பூஸ்ட் கன்ட்ரோலர் இருந்தால் முதலில் அதை அசல் அழுத்தத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலான ஜிடி-ஆர்களில் அசல் டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக். கூடுதல் பூஸ்டில் அது நொறுங்கும். உங்கள் ஊரில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப மறு ட்யூனிங் முடியும் வரை டர்போவை வேலை வாங்காமல் மெதுவாக ஓட்டுங்கள்.