உள்ளங்கைக்குள் ஒரு முகம்: ஹில்லியார்ட் முறையில் சிற்றோவியம் வரைதல்

இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1547ஆம் ஆண்டளவில் பிறந்து, 1562இல் அரசியின் பொற்கொல்லரான றொபேட் பிராண்டனிடம் தொழில் பயிலச் சேர்ந்த நிக்கலஸ் ஹில்லியார்ட், தூரிகை பிடித்த பின்னரும் நகைத்தொழிலின் கைப்பக்குவத்தை விடவில்லை. 1572இல் அவர் வரைந்த முதலாம் எலிசபெத் அரசியின் படம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரமே உடையது. அதை ஓர் ஆபரணமாகவே அவர் செய்தார் என்பதை மனதில் இருத்தினால் இம்முறை எளிதில் பிடிபடும்.

அவர் மெல்லிய தோலை மாப்பசையால் விளையாட்டுச் சீட்டில் ஒட்டி வரைந்தார். நாம் வழவழப்பான தாளைக் கோதுமை மாப் பசையால் சீட்டில் ஒட்டி, பாரம் ஏற்றி இரண்டு நாள் வைக்கலாம். மட்டக்களப்பின் மாரிக்காலத்தில் நான்கு நாளாவது வேண்டும். ஈரம் எஞ்சினால் விளிம்பு சுருளும். நிறப்பொடியைக் குழைக்க விளாம் பிசினும், வாவிக்கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளும் போதும். தூரிகைக்கு அவர் விரும்பியது அணில் மயிர்.

வடக்கும் சற்றுக் கிழக்குமாக வரும் ஒரே வெளிச்சத்தில் வரையச் சொன்னார் அவர். ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் அந்த யன்னலிலும் வெயில் விழும். அக்காலத்தில் வெள்ளைச் சீலையொன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தூசுக்கு அஞ்சிப் பட்டுடுத்தி வரையச் சொன்னவர் அவர் என்பதால், கச்சான் காற்று வீசும் பொழுதுகளில் விறாந்தையில் அமர வேண்டாம்.

முகம் முழுவதற்கும் முதலில் ஒரே தோல்நிறத்தைத் தயங்காமல் பூசிவிட வேண்டும். பலவகைத் தோல்நிறங்களை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்து, எதிரில் இருப்பவருக்குப் பொருந்துவதைத் தெரிந்தெடுப்பது அவர் வழக்கம். எங்கள் முகங்களுக்கு மாநிறத்திலிருந்து கருமை வரை ஐந்தாறு சிப்பிகள் வேண்டும். நிழலை அதன்மேல் மயிரிழைக் கோடுகளால் மட்டும் ஏற்றுங்கள். அவர் பூசிய சிவப்புகள் காலப்போக்கில் வெளுத்ததால் அம்முகங்கள் இன்று வெளிறித் தெரிகின்றன. ஆகவே வெளிச்சத்தில் மங்காத சிவப்பையே வாங்குங்கள்.

றேந்தையும் நகையுமே இம்முறையின் உச்சம். கழுத்து றேந்தைக்கு வெள்ளையைக் கட்டியாகக் குழைத்து, தூரிகை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கினால் ஒவ்வொரு சொட்டும் மேலெழுந்து தன் நிழலைத் தானே விழுத்தும். மாணிக்கத்துக்கு அவர் வெள்ளியைப் பூசி, மரநாய் போன்ற சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மினுக்கி, மேலே சிவப்புப் பிசின் துளியைச் சூடான ஊசியால் வைத்தார். நாம் சோகியால் தேய்க்கலாம். கடற்காற்றில் வெள்ளி விரைவில் கறுக்குமாதலால், முடிந்த படத்தை அன்றே கண்ணாடிக்குள் அடைத்து விளிம்பை ஒட்டிவிடுங்கள்.