இரவு டைரியில் தீர்ப்பு எழுதும் பழக்கம்

"இன்றும் கோபப்பட்டுவிட்டேன். நாளையிலிருந்து கூடாது."

என் பழைய டைரி ஒன்றில் இந்த இரண்டு வரிகள், சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக, பதினோரு இடங்களில் வருகின்றன. எண்ணிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. தினமும் இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தால் மனம் பக்குவப்படும் என்று யாரோ சொல்லி ஆரம்பித்தது. மூன்று மாதம் விடாமல் எழுதினேன். கோபம் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பழக்கத்தின் மீது குறை சொல்ல முடியாது. அது மிகப் பழையது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமில் வாழ்ந்த செனெகா என்ற தத்துவ அறிஞர், இரவு விளக்கை எடுத்த பிறகு, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று தான் சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். அவர் என்ன குறித்துக்கொண்டார் என்று பார்த்தபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. "நான் முன்கோபி" என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவரைக் கண்டித்தபோது அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன், அதனால் அவர் திருந்தவில்லை, மனம்தான் புண்பட்டார் என்கிற அளவுக்கு விவரமாகப் பார்க்கிறார். அதோடு, இந்த ஒருமுறை உன்னை மன்னிக்கிறேன், மறுபடி செய்யாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூங்கப் போகிறார்.

நாம் செய்வது வேறு. விசாரணையே இல்லாமல் நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறோம். "எனக்குப் பொறுமை இல்லை", "நான் இப்படித்தான்", "இன்று மோசமான நாள்". இதில் எதை வைத்து நாளைக்கு எதை மாற்றுவது?

சரி, அப்புறம் என்னதான் எழுதுவது? அப்போது மணி என்ன, எதிரில் யார், அவர் சொன்ன வார்த்தை என்ன, நான் சொன்ன வார்த்தை என்ன, உடம்பு எப்படி இருந்தது, அதற்கு அரை மணி நேரம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தேன். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கோபம் வெடிக்கிற நொடியில் நம் கையில் அதிகம் ஒன்றும் இருப்பதில்லை. அரை மணி நேரம் முன்பு நிறைய இருக்கிறது. இப்படி மூன்று வாரம் எழுதியதில் என்னுடைய சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் வருவது தெரிந்தது: வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில், வெறும் வயிற்றோடு, கையில் இன்னும் அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டே. என் குணம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, பசி.

அசைபோடுவதும் ஆராய்வதும்

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது ஆழ்ந்த சிந்தனை போலவே இருக்கும். நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பது. அரைத்த மாவையே அரைப்பது.

சூசன் நோலன்-ஹோக்ஸெமா என்ற உளவியலாளர் இந்த அசைபோடும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, தற்செயலாக அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் அவரும் உடன் ஆய்வாளரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். பிறகு அதே மாணவர்களை மறுபடி பார்த்தபோது, சோர்வை அசைபோடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தவர்களிடம் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. பத்து நாள் கழித்தும் அப்படித்தான், ஏழு வாரம் கழித்தும் அப்படித்தான்.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் சாதாரணமானது. எழுத ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் முன்பு தெரியாத ஏதாவது ஒன்று பக்கத்தில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது ஆராய்ச்சி. முதல் வரியில் இருந்ததே பத்தாவது வரியிலும் இருந்தால், பேனாவை மூடிவிட்டுப் படுக்கலாம். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு இரவு பதினொன்றரைக்கு நல்ல பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை. தன்னைப் பற்றியே வேறொருவரைப் போல, பெயர் சொல்லி, "அவன் அப்போது என்ன எதிர்பார்த்தான்?" என்று கேட்டுக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. ஈதன் கிராஸ் போன்ற உளவியலாளர்களின் சோதனைகளில், பதற்றமான வேளையில் இப்படிக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்கள் நிதானமாக நடந்துகொண்டார்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கொட்டித் தீர்ப்பது. திட்டித் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினால் கோபம் வடிந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கைக்குச் சாதகமாக இல்லை. கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக மிஞ்சியது. டைரியும் சில இரவுகளில் அந்தப் பை ஆகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல்

"டென்ஷன்." "மூட் அவுட்." இந்த இரண்டையும் டைரியிலிருந்து ஒரு மாதம் விலக்கி வைத்துப் பாருங்கள்.

தமிழில் இதற்குச் சொற்களுக்கா பஞ்சம்? எரிச்சல் ஒன்று, ஆற்றாமை வேறு. மனத்தாங்கல் நெருங்கியவர்களிடம்தான் வரும். முன்பின் தெரியாதவர் மீது யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. ஆதங்கத்துக்குள் அக்கறை இருக்கிறது, வெறுப்புக்குள் இல்லை. புழுக்கம் உள்ளேயே கிடப்பது, குமுறல் வெளியே வரத் துடிப்பது. "கோபம்" என்று எழுதிய ஒரு வரியை அடித்துவிட்டு "அவமானம்" என்று எழுதிப் பார்த்த ஓர் இரவு எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை செய்ய வேண்டியது எதிராளியிடம் இருந்தது. சொல் மாறியதும் என் பக்கம் வந்துவிட்டது. மேத்யூ லீபர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட மூளைப் படச் சோதனையில், முகங்களில் தெரிந்த உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் சூட்டியபோது, அச்சம் போன்ற உணர்ச்சிகளில் விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. பெயர் சொன்னாலே கோபம் பறந்துவிடும் என்று இதை நீட்டிவிடக் கூடாது. கொஞ்சம் இளகுகிறது, அவ்வளவுதான்.

பல்லைக் கடிப்பது

சுயகட்டுப்பாடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்ற எண்ணம் டைரியின் கடைசி வரியில் எட்டிப் பார்க்கும்: "நாளை உறுதியாக இருப்பேன்." உறுதிமொழி எழுதும்போது நன்றாக இருக்கும். மறுநாள் மாலை அது எங்கே போனது என்று தெரியாது.

வால்டர் மிஷல் குழந்தைகளிடம் செய்த மார்ஷ்மெல்லோ சோதனை பலருக்கும் தெரியும். இப்போதே ஒரு மிட்டாய் வேண்டுமா, காத்திருந்து இரண்டு வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்தக் காத்திருப்பு குழந்தையின் எதிர்காலத்தையே காட்டிவிடும் என்ற பேச்சு, 2018-இல் பெரிய எண்ணிக்கையில் செய்த மறு ஆய்வில், குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது மிகவும் வலுவிழந்துவிட்டது. ஆனால் மிஷலின் சோதனையில் வேறொரு செய்தி இருக்கிறது. காத்திருக்க முடிந்த குழந்தைகளில் பலர் மிட்டாயை முறைத்துக்கொண்டு வைராக்கியமாக உட்கார்ந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள்.

அதனால் உறுதிமொழிக்குப் பதில் ஓர் ஏற்பாட்டை எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பரிந்துரைக்கும் வடிவம் "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்பது. என்னுடையது: வீட்டு வாசலுக்கு வந்ததும் போனைப் பைக்குள் போடுவேன், எதையாவது சாப்பிட்டு முடிக்கும் வரை பணம், பிள்ளைகளின் படிப்பு இரண்டையும் பேச மாட்டேன். பார்க்க அற்பமாக இருக்கிறதல்லவா? அந்தப் பதினோரு உறுதிமொழிகளை விட அதிகம் வேலை செய்தது. ஒரு நேரத்தில் ஒன்று போதும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டபோதும் வாரத்துக்கு ஒன்றில்தான் கவனம் வைத்தார்.

சின்னத் தவறுகள் சில. மோசமான நாட்களில் மட்டும் எழுதுவது. அப்படிச் செய்தால் நிதானமாக இருந்த நாளில் எது உதவியது என்று தெரியாமலே போகும். ஒரு நாள் விட்டுப்போனதும் மொத்தமாக நிறுத்திவிடுவது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது எழுதுவது. ஆறாத பெரிய துயரம் ஒன்று எழுத எழுதக் கனமாகிக்கொண்டே போனால், அதை நோட்டோடு தனியாகச் சுமக்காமல் மனநல ஆலோசகர் ஒருவரிடம் கொண்டுபோவது நல்லது.

கடைசியாக ஒன்று. 1990-இல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் உணர்ச்சி நுண்ணறிவை விளக்கிக் கட்டுரை எழுதியபோது, தன் உணர்ச்சிகளோடு பிறருடைய உணர்ச்சிகளைப் புரிந்துகொள்வதையும் அதில் சேர்த்திருந்தார்கள். டைரியில் நாம் மட்டும்தான் இருக்கிறோம். மற்றவர்கள் எல்லோரும் நாம் எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் பேசுகிறார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர் ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நான்கு இரவுகள் எழுதினேன். காரணங்களையும் நானே கண்டுபிடித்தேன், நன்றாகப் பொருந்தவும் செய்தன. ஐந்தாவது நாள் நேரில் கேட்டேன். அவருக்குக் காதில் சீழ் வைத்து, ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லையாம். நான் உட்காருவது அந்தப் பக்கம்.