வேதபாடக் குழுவில் முதலில் சத்தமாக வாசியுங்கள்

ஆதித் திருச்சபையில் ஆளுக்கொரு வேதாகமம் கிடையாது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ஒரு சபையில் வாசித்த நிருபம் அடுத்த சபைக்கும் போனது (கொலோசெயர் 4:16). உங்கள் குழுவிலும் இப்படித் தொடங்கிப் பாருங்கள். பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம் மொத்தமே 4 அதிகாரம்தான், நிதானமாக வாசித்தாலும் சுமார் 15 நிமிடம். தெளிவாக வாசிக்கிற ஒருவரே முழுவதும் வாசிக்கட்டும். ஆளுக்கொரு வசனமென்று சுற்றிவந்தால், தன் முறை எப்போது என்று எண்ணுவதிலேயே கவனம் போய்விடும். பவுல் சொல்லவருவது துண்டுதுண்டாகிவிடும்.

பிறகு கலந்துரையாடல். இரண்டு மூன்று பேர் பேச, மற்றவர்கள் நிதானிக்கட்டும் (சீர்தூக்கிப் பார்க்கட்டும்) என்கிறது 1 கொரிந்தியர் 14:29. தீர்க்கதரிசனத்துக்கான ஒழுங்குதான், ஆனாலும் ஒருவரே பேசித் தீர்க்கும் குழுக்களுக்கு நல்ல மருந்து. யாராவது வேறொரு வசனத்தை எடுத்துக்காட்டினால், கேட்டதை வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தார்போல (அப்போஸ்தலர் 17:11) உடனே அதைத் திறந்து, முன்னும் பின்னும் ஐந்து வசனம் வாசியுங்கள். பல விவாதங்கள் அங்கேயே அடங்கிவிடும்.

நேரத்தில் கறாராக இருங்கள். பவுல் நடுராத்திரிவரை பேசியபோதே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான்! பேச்சு நீண்டால் முதலில் அடிபடுவது ஜெபம். ஒரு மணி நேரக் கூடுகையில் கடைசி 15 நிமிடத்தை அதற்கே ஒதுக்கி, மணி பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.