மழையில் கார்ன்வால்: கேம்பர்வேன் பயணமும் முதல் சர்ஃபிங் பாடமும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் மழையைக் கண்டு கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் கொண்ட வேன்) பயணத்தை ஒத்திப்போட வேண்டியதில்லை. பலகைமேல் நின்று கடலலையில் சறுக்கும் சர்ஃபிங்கைக் கெடுப்பது மழையல்ல, காற்றுதான்.

ஏ39 நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் கிளைச் சாலைகள் பல, இருபுறமும் உயர்ந்த புதர்வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே செல்லுமளவு குறுகலானவை என்பதால், எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரை வேனைப் பின்னோக்கி ஓட்டப் பழகிக்கொண்டு கிளம்புங்கள். முகாமில் புல்தரையைத் தவிர்த்துக் கெட்டித்தரை இடத்தையே கேளுங்கள். ஈரப்புல்லில் சக்கரம் புதையும்.

நியூகே ஊரின் ஃபிஸ்ட்ரல் கடற்கரை புகழ்பெற்றதெனினும், முதல் பாடத்துக்கு அகன்ற மணற்பரப்புள்ள போல்செத் கடற்கரையையே நான் பரிந்துரைப்பேன். எட்டடிக்குக் குறையாத மென்பலகையை (மெத்தென்ற மேற்பரப்புள்ள சர்ஃபிங் பலகையை) வாங்கிக்கொண்டு, முதலில் மணலிலேயே குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்கருகே ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து நிற்கப் பழகுங்கள். பார்வை காலடிக்குப் போனால் உடலும் கூடவே சாய்ந்துவிடும். எனவே கரையையே நோக்குங்கள். பிறகு இடுப்பளவு நீரில், உடைந்து நுரைத்து வரும் அலைகளே போதும். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியே சர்ஃபிங்குக்குரியது. அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகை வரக் கூடாது. நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், பலகையைப் பற்றியபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

நனைந்த வெட்சூட்டை (நீரில் குளிரைத் தாங்க அணியும் உடையை) மூடியுள்ள வாளியில் போடுங்கள். குளிர்கிறதென்று எரிவாயு அடுப்பை ஏற்றி வேனைச் சூடாக்கவே கூடாது. அடுப்பிலிருந்து வெளிவரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உயிரைப் பறிக்கும். மழையானாலும் கூரைத் திறப்பைச் சிறிது திறந்தே வைத்து உறங்குங்கள்.