பள்ளிப் படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் அபார்ட்மென்ட் சலவை அறையில் ஒரே பேச்சுதான். "பிள்ளையை எங்கே சேர்த்தீங்க? என்னென்ன கேட்டாங்க?" போன வாரம் சென்னையிலிருந்து எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) அமெரிக்கா வந்திறங்கிய ஒரு பெண், மடியில் பெரிய ஃபைலோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிசி, ஜாதிச் சான்றிதழ், ஆதார், யூகேஜி ரிப்போர்ட் கார்டு என்று எல்லாம் இருந்தன. "இதெல்லாம் போதுமா அக்கா?" என்றார். அதில் பாதியை இங்கே யாரும் கேட்கவே மாட்டார்கள். கேட்கப்போகும் முக்கியமான விஷயத்துக்குக் காகிதமே தேவையில்லை. நாலு வரியில் நாம்தான் பதில் எழுத வேண்டும். அந்த நாலு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் சேர்க்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியா, பே ஏரியா. கூட்டாட்சிச் சட்டங்கள் அமெரிக்கா முழுவதற்கும் பொது. மற்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முகவரிதான் எல்லாம்

இங்கே அரசுப் பள்ளி என்றால் கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமே கிடையாது. பள்ளிகளை நடத்துவது டிஸ்ட்ரிக்ட். நம் ஊர் மாவட்டம் போல நினைத்துவிடாதீர்கள். இது பள்ளிகளுக்கென்றே உள்ள தனி நிர்வாகம். உங்கள் வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பள்ளி. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டிஸ்ட்ரிக்ட்டின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த முகவரியைச் சொல்லி, "இந்த வகுப்பில் இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எல்லைக்குள் வீடு இருந்தும், பள்ளி நிரம்பிவிட்டதென்று வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கேட்பது மூன்று: வயதுக்கு ஆதாரம், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி விவரம். பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ வயதுக்குப் போதும். வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் முகவரிக்குப் போதும். சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறீர்களா? அவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தரும் படிவம் அலுவலகத்திலேயே இருக்கும். பண நெருக்கடியில் வீட்டை இழந்து இன்னொரு குடும்பத்தோடு ஒண்டியிருப்பவர்களுக்கு 1987-ல் வந்த மெக்கினி-வென்டோ சட்டம் துணை நிற்கிறது. காகிதம் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்த்துக்கொண்டாக வேண்டும்.

தடுப்பூசியில் நம்மவர்கள் மாட்டும் இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட அட்டையில் தட்டம்மை, ரூபெல்லா இருக்கும். பொன்னுக்கு வீங்கியும் சின்னம்மையும் இருக்காது, ஏனென்றால் அவை அரசின் அட்டவணையிலேயே இல்லை. இங்கே இரண்டும் கட்டாயம். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே போட்டு, தேதியோடு எழுதி வாங்கி வாருங்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் செய்யும் பரிசோதனை காசநோய் இருப்பதுபோலத் தவறாகக் காட்டக்கூடும்.

விசா என்ன, சோஷியல் செக்யூரிட்டி எண் என்ன என்ற கேள்விகளுக்காகப் பயப்பட வேண்டாம். ஆவணமில்லாமல் வந்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுக்க வழிசெய்த டெக்சஸ் மாநிலச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், பிளைலர் வழக்கில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. எச்-4 பிள்ளைக்கு அந்த எண் இருக்கவும் இருக்காது. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள்.

அந்த நாலு கேள்விகள்

சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவில் ஒற்றைத் தாள் ஒன்று வரும். வீட்டு மொழி ஆய்வு என்று பெயர். கலிஃபோர்னியாவில் அதில் நாலு கேள்விகள்: பிள்ளை பேசத் தொடங்கியபோது முதலில் பேசிய மொழி எது? வீட்டில் அதிகம் பேசும் மொழி எது? நீங்கள் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசுவது எந்த மொழி?

2015-ல் நாங்கள் திருச்சியிலிருந்து வந்தபோது நாலுக்கும் நான் "ஆங்கிலம்" என்று எழுதினேன். வாட்ஸ்அப் குழுவில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். "தமிழ்னு எழுதினா இ.எஸ்.எல்.ல தள்ளிடுவாங்க, பிள்ளை பின்தங்கிடும்." (இ.எஸ்.எல். என்றால் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு.) என் மகள் மூன்றாம் வகுப்பு. திருச்சியில் ஆங்கில வழியில் படித்தவள், கடகடவென்று வாசிப்பாள். அதனால் எனக்கு உறுத்தவே இல்லை.

அக்டோபரில் ஆசிரியை கூப்பிட்டார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார். வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டபோது சொன்னாள்: முதல் வாரம் பக்கத்துப் பையனிடம் "ரப்பர்" கேட்டிருக்கிறாள், அவனுக்குப் புரியவில்லை. "ஸ்கேல்" கேட்டிருக்கிறாள், அதுவும் புரியவில்லை. இங்கே அது இரேசர், இது ரூலர். இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் சுற்றியிருந்தவர்கள் விழித்ததும், இனி எதுவுமே கேட்பதில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊர் ஆங்கிலத்தில் வாய் திறந்து பேச யாராவது உட்கார வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். அதற்கு ஆள் அந்தப் பள்ளியிலேயே இருந்தார். நான் எழுதிய பதிலால் அவர் பட்டியலில் என் மகளின் பெயர் இல்லை.

தவறாக எழுதியதைத் திருத்தலாம். நான் மறுநாளே கடிதம் கொடுத்தேன். தேர்வு வைத்தார்கள், ஆங்கிலம் கற்கும் மாணவி என்று வகைப்படுத்தினார்கள், தினமும் கொஞ்ச நேரம் ஆறேழு பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பேச்சும் எழுத்தும் பழக்கினார்கள். இரண்டு வருடத்தில் அந்த வகையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அவள் பின்தங்கியிருந்தது அந்த உதவி கிடைக்காத இரண்டு மாதங்களில்தான்.

நடைமுறை இதுதான். முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கேனும் தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு. (நியூ ஜெர்சி போன்ற பல மாநிலங்களில் விடா (WIDA) என்ற அமைப்பின் தேர்வு.) பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் "ஏற்கெனவே சரளம்" என்று எழுதி விட்டுவிடுவார்கள். வராவிட்டால் உதவி வகுப்பு. வேண்டாமென்று நீங்கள் எழுதிக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் வருடாந்திரத் தேர்வு தொடரும்.

இந்த ஏற்பாடு பள்ளிகள் தாமாக மனமிரங்கிச் செய்வதல்ல. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் சுமார் 1,800 பிள்ளைகள் எந்த உதவியும் இல்லாமல் புரியாத வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் குடும்பங்கள் வழக்குப் போட்டன. ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது, மொழி புரியாத பிள்ளைக்கு அந்தக் கல்வி கிடைக்காததற்குச் சமம் என்று 1974-ல் லாவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1981-ல் காஸ்டனேடா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உதவியை அளக்க மூன்று கேள்விகள் வைத்தது. திட்டத்துக்கு நல்ல கல்வி அடிப்படை இருக்கிறதா? அதை நடத்த ஆளும் பொருளும் ஒதுக்கியிருக்கிறார்களா? கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் பிள்ளை முன்னேறியிருக்கிறதா? ஆசிரியரைச் சந்திக்கும்போது இதே மூன்றை நீங்களும் உங்கள் வார்த்தையில் கேட்கலாம். முக்கியமாக மூன்றாவதை வருடாவருடம் கேளுங்கள். ஐந்தாறு வருடமாகியும் பிள்ளை அந்த வகையிலேயே இருந்தால், அவனை எப்படி வெளியே கொண்டுவரப் போகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

எழுதினால்தான் எண்ணுவார்கள்

தமிழ் என்று எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியின் மாணவர்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வேற்றுமொழி பேசுபவர்களாக இருந்தால், பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகளை அந்த மொழியிலும் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அந்தக் கணக்கை இந்தத் தாளை வைத்துத்தான் எடுக்கிறார்கள். 2013-ல் மாற்றிய நிதி முறைப்படி, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை ஆகிய ஒவ்வொருவருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக வருகிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேர் இருந்தாலே அந்தப் பள்ளியில் பெற்றோர் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் நான் இரண்டு வருடம் இருந்தேன். ஸ்பானிஷ் பேசும் அம்மாக்கள் வேலை முடிந்த சீருடையோடு நேராக வந்து உட்கார்ந்து, கூடுதல் பணம் எதற்குச் செலவானது என்று வரிவரியாகக் கேட்பார்கள். நம்மவர்கள் அந்த அறைக்கு அதிகம் வருவதில்லை. வாருங்கள்.

சாப்பாட்டுப் படிவமும் இதே மாதிரிதான். 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையுணவும் மதிய உணவும் இலவசம். "இலவசம்தானே" என்று வருமானப் படிவத்தை நிரப்பாமல் விடாதீர்கள். பள்ளிக்கு வரும் நிதியில் அந்தக் கணக்கும் சேரும். சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு பெப்பரோனி என்றால் இறைச்சி, மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும் என்பதைப் படத்தைக் காட்டிச் சொல்லி அனுப்புங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்

பள்ளி கொடுக்கும் முக்கியமான தகவலைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தருவது பள்ளியின் கடமை. 1964 சிவில் உரிமைகள் சட்டத்திலிருந்து வருவது இது. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பைசா கொடுக்க வேண்டாம். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று எழுதுங்கள். பெரும்பாலும் போனில்தான் வருவார்கள். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. எங்கள் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கு முதல் தடவை வந்தவர் சென்னைக்காரர். இருவரும் பாதி நேரம் "என்ன சொன்னீங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பத்து வயதுப் பையன், தன்னைப் பற்றி ஆசிரியர் சொன்ன குறையைத் தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நிலைமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தரையைப் பார்த்தபடி, "நல்லா படிக்கிறேனாம்" என்று மட்டும் சொன்னான்.

பேச்சு தாமதமென்று சொன்னால்

இதை நிதானமாகப் படியுங்கள். பேசத் தாமதமாகும் பிள்ளையின் பெற்றோரிடம், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பேச்சு மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமே அப்படித்தான் சொல்கிறது. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேச்சு நின்றுபோகும், வீட்டுக்குள்ளேயே பிள்ளை தனியாகிவிடும்.

சந்தேகம் இருந்தால் மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குக் கணக்கு இல்லை. 1975-ல் வந்த, இன்று ஐடியா என்று அழைக்கப்படும் சட்டப்படி, முடிந்தவரை பிள்ளையின் மொழியிலேயே மதிப்பிட வேண்டும். ஆங்கிலம் தெரியாததையே குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது. உதவி தேவை என்று வந்தால் ஐ.இ.பி. என்ற தனித் திட்டம் எழுதுவார்கள். புரியாமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லலாம்.

பெயர், பண்டிகை, தமிழ்ப் பள்ளி

நம் வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறாக இருக்கும். பிள்ளையை அழைத்துப்போக வரும்போது இதனால் சிக்கல் வரலாம். அவசரத் தொடர்புப் படிவத்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருடைய பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று வந்திருந்தால், "பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது, என் பிள்ளையின் பெயர் இதுதான் என்று முதல் நாளே சொல்லி, கூப்பிடும் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

தீபாவளிக்கு நியூயார்க் நகரப் பள்ளிகளில் விடுமுறை விட 2023-ல் சட்டம் வந்தது. மற்ற ஊர்களில் காலண்டரைப் பாருங்கள். விடுமுறை இல்லாவிட்டாலும், பொங்கலோ தீபாவளியோ மத நாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் அனுமதித்த விடுப்பாக ஏற்பார்கள்.

கடைசியாக, வார இறுதித் தமிழ்ப் பள்ளி. கலிஃபோர்னியாவில் 2011-ல் இருமொழித் திறன் முத்திரை என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். ஆங்கிலமும் இன்னொரு மொழியும் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தால் பள்ளி இறுதிச் சான்றிதழிலேயே அந்த முத்திரை விழும். பிறகு மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. தமிழுக்கும் அது கிடைக்கும். உங்கள் டிஸ்ட்ரிக்ட் தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் போன வசந்தத்தில் எழுதினாள். சலவை அறையில் பார்த்த அந்தப் பெண்ணின் மகளுக்கு இப்போது ஆறு வயது. படிவத்தைத் துணி மடிக்கும் மேஜையில் வைத்து நாங்கள் இருவருமாக நிரப்பினோம். நாலு கட்டத்திலும் தமிழ்.